அப்பாவுக்குச் சேரவேண்டியது

தைபெய், 1950

அம்மாவுக்கு மகள் சியோக்-இம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கல்லூரியில் பாடம் நடத்தும் முதல் உள்ளூர்ப் பெண் என்று இன்னமும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

நேற்று ஒரு கூத்து. வகுப்பில் விதைநெல்லை எண்ணும்போது, ஜப்பான்காரர் ஆண்ட காலத்துப் பழக்கதோஷத்தில் ஜப்பான் மொழியில் எண்ணிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த இரண்டு புது சர்க்கார் ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் கேட்டார்:

"ஜப்பான்காரன் போயும் அவன் பேச்சு போகலியா, டீச்சர்? ஊர்ல அவன் புஸ்தகமும் வெச்சிருக்கீங்களோ?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

போன வாரம் அவர்கள் பக்கத்து அறை ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அறை இப்போது காலி.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். குளிர் கூடிவிட்டது. என் அலமாரியில் உள்ள ஜப்பான் புத்தகங்களை இன்றே அடுப்பில் போடுங்கள், இந்தக் கடிதத்தையும்தான். இதைக் கொண்டுவரும் மாமா ரயிலுக்கு அவசரப்படுத்துகிறார்.

நெல் நோய் பற்றி ஜப்பான் மொழியில் நான் எழுதிய ஆய்வை மட்டும் அடுப்பில் போடாதீர்கள். நாளை பௌர்ணமிக்கு, மேலுலகில் அப்பாவுக்குச் சேரும்படி காகிதப் பணம் எரிக்கும்போது அதையும் சேர்த்து எரியுங்கள். அவர் வயலில் பறித்த கதிர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை.

சியோக்-இம்