திரைக்கு அப்பால் கேட்ட குரல்

கவரைப்பேட்டை,
10-7-1974

அன்புள்ள மெஹர்னிசாவுக்கு,

ரத்னா எழுதிக்கொண்டது. வாணியம்பாடியில் உன் அண்ணன் வீட்டில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? சின்னவனுக்கு இருமல் நின்றதா?

நேற்று திருவள்ளூர் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். தொழிற்சாலைக் கிடங்குக்கு என் கணவர் தீ வைத்ததாகச் சொல்லும் அந்தச் சாயங்காலம், அவர் பழவேற்காட்டில் உன் வீட்டில் பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார் என்றேன். அரசு வக்கீல் ஒரு தாளை நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஜாமீனுக்காக நான் கொடுத்த பிரமாணப் பத்திரம். ‘என்னோடு வீட்டில் இருந்தார்’ என்று அதில் இருக்கிறது.

உன் கணவர் ஹயாத் பாஷா இறந்து, நீ நாலு மாதம் பத்து நாள் இத்தாவில், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருந்த நாட்கள் அவை. அன்னிய ஆண் வந்து பேசினான் என்று உன் பெயர் அடிபடக் கூடாதென்று நானாக எழுதிக் கொடுத்த பொய். அது இன்று என் உண்மையையும் தின்றுவிட்டது.

அதோடு, அவர் அங்கே இருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறர் சொல்லக் கேட்டது சாட்சியாகாதாம். அவர் அன்று வந்திருந்தார் என்று நீ எழுதிய கடிதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம் வக்கீலின் குமாஸ்தா தேசப்பன், “இன்னாம்மா, காலேஜ் படிச்சவங்க நீங்க! கடுதாசிய நிக்கவச்சு குறுக்கு விசாரணை பண்ண முடியுமா? எழுதனவங்க வந்து கூண்டுல ஏறணும்” என்றார்.

திரைக்கு அப்பால் இருந்த அவர் முகத்தைப் பார்க்கவில்லையே என்று எழுதியிருந்தாய். பதினைந்து வருஷம் பழகிய குரல். உன் காதால் நீ கேட்டது நேர்ச்சாட்சிதான் என்கிறார் நம் வக்கீல். அன்று கூட இருந்த உன் மாமியாரும் காலமாகிவிட்டார். இனி உன்னைத் தவிர யாருமில்லை.

ஹனீப் அண்ணன் சம்மதிக்க மாட்டார், தெரியும். கோர்ட்டில் அசிங்கமாகவும் கேட்பார்கள், மறைக்கவில்லை. விதவை வீட்டுக்குக் கணவரை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தீர்களா என்று என்னையே கேட்டார்கள். சம்மன் அனுப்பலாம் என்றார் வக்கீல். உன் அண்ணன் வாசலில் போலீஸ்காரர் நிற்பதை நினைத்து வேண்டாமென்றேன்.

சிறையில் அவரைப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. “அவங்கள இழுக்காத ரத்னா, நான் சமாளிச்சுக்கினு இருக்கேன்” என்றார். பத்து வருஷத் தண்டனை என்றால் எப்படிச் சமாளிப்பார்?

இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, கடைசி வாய்தா. வர முடியாவிட்டால் பாதகமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. அந்த வரி எழுத வரவில்லை.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவன் ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும். வந்துவிடு, மெஹர்.

உன்
ரத்னா