கோடுகளின் மேல் வைத்த மஞ்சள்

குன்னம்,
புதன்கிழமை

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சின்ன வெங்காயம் முளை விட்டாயிற்று, மக்காச்சோளம்தான் இன்னும் ஒரு மழைக்குக் காத்திருக்கிறது. குவாஹாட்டி ஈரத்தில் உன் இருமல் குறைந்ததா என்று எழுது. நீ மறந்துவிட்டுப் போன அசல் சாதிச் சான்றிதழ் காலையில் வந்து சேர்ந்துவிட்டது என்று போனில் சொன்னாய், வெள்ளிக்கிழமைக்குள் காலேஜ் ஆபீசில் கொடுக்காவிட்டால் சீட்டே போய்விடும் என்றிருந்த பயம் இப்போதுதான் விட்டது. கூடவே, கவரில் மஞ்சள் வைத்ததற்கு அப்பாவைப் பிடித்துக்கொண்டு, சான்றிதழுக்குக் கல்யாணமாப்பா என்று சிரித்தாய். அவரும், ஆமாம்மா, நாந்தான் வெச்சேன், அதுக்கென்ன இப்போ என்றார். வைத்தது அவர் இல்லை மேகலா, நான்.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காதே, அதெல்லாம் கறை என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கவரை அனுப்பப் போஸ்ட் ஆபீசுக்குப் போகும்போது முந்தானையில் மஞ்சள்தூளை முடிந்துகொண்டு போனேன், வண்டி ஓட்டி வந்த அப்பாவுக்கு மட்டும் தெரியும். கவுண்டரில் இருக்கும் பஞ்சவர்ணம், கோடு போட்ட ஸ்டிக்கரைக் கவரில் ஒட்டி முடித்ததும், ஒரு நிமிஷம் கொடும்மா என்று வாங்கி, தூளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலையிலும் வைத்தேன். ஒரு மூலையில் ஸ்டிக்கர் இருந்தது. ஏங்க்கா, கோட்டு மேலயே பூசுறீங்க, மிஷினுக்கு நலங்கா வெக்கிறீங்க என்று அவள் கேட்க, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதே ஈரக் கையோடு ரசீதை வாங்கி, வீட்டுக்கு வந்து அதில் பட்ட மஞ்சளை அழுத்தித் துடைத்தேன், ரசீதில் இருந்த கவர் எண்ணில் ஐந்தாவது இலக்கம் தாளோடு உரிந்து போய்விட்டது. எண் இல்லாமல் கவர் எங்கே போகிறது என்று பார்க்க முடியாது, திரும்பிப் போய் பஞ்சவர்ணத்திடம் கேட்கவும் வெட்கம்.

பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை போட்டுப் பார்த்திருக்கலாமே என்பாய். போட்டிருக்கலாம், ஆனால் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது, தேடிப் படித்தேன். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக எட்டு, ஆறு, நான்கு, இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது, ஏழு ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒன்பதாவது இலக்கம் வெறும் காவல்காரன், அதையும் சேர்த்தால் பெரும்பாலும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். யாராவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு இடித்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டேன். உரிந்து போன இடத்தில் மூன்று வைத்தால் மட்டும் நூற்று அறுபத்தைந்து வந்தது, பதினைந்து பதினொன்று. எழுந்து நின்றுவிட்டேன். அந்த எண்ணைப் போட்டதும் கவர் திருச்சியைத் தாண்டிச் சென்னையில் இருப்பதாகக் காட்டியது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கவர் அங்கிருந்து அசையவில்லை. என் மஞ்சள்தான் கோட்டை மறைத்துவிட்டது என்று சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் பஞ்சவர்ணமே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அக்கா, கோடு எதுக்கு அவ்ளோ ஒசரம்னு நெனைக்கிறீங்க, ஒரு எடத்துல அழுக்கானா மிஷின் அதுக்கு மேல படிச்சுக்கும், எல்லா ஒசரத்துலயும் அதே சேதிதான், அதுவும் இல்லன்னா கையால நம்பரை அடிச்சுக்குவாங்க என்றாள். சனி ஞாயிறுன்னா கொஞ்சம் இழுக்கும்க்கா, நலங்கு வெச்ச கவரு, போய்ச் சேந்துரும் என்று வேறு சொன்னாள். அந்தக் கோடுகளில் உன் பெயரும் இல்லையாம், ஊரும் இல்லையாம், எண் மட்டும்தான். போகிற இடமெல்லாம் அதைப் படித்து, இங்கே வந்தேன் என்று எழுதி வைக்கிறார்கள், மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமலே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நான் கேலிக்கு ஆளாகக் கூடாது என்று அப்பா அந்தப் பழியைத் தானே எடுத்துக்கொண்டார். இதை உனக்கு எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அவரிடம் பத்து நிமிஷமாவது பேசு. வெந்நீர் குடி, சான்றிதழை இனி பெட்டியின் அடியில் வை. எந்தக் குறையும் இல்லாமல் படித்து முடித்து வா கண்ணு.

அந்த ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து உன் பதிலோடு அனுப்பு. மஞ்சள் எத்தனை கோட்டை மறைத்திருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மஞ்சள் வைத்த உன் அம்மா
வெற்றிச்செல்வி