தொட்டுப் பார்த்தாரா?

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு டாக்டர் "நன்றாகப் பார்த்தார்" என்றால் என்ன அர்த்தம்? மூன்று வாரமாக இந்த மலையில் நோயாளிகளிடம் கேட்டு எழுதுகிறேன். எனக்கே விடை தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்குள்ள சிறிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை எப்படி இருக்கிறது என்று மதிப்பிடுவதுதானே என் வேலை. இன்று பாஞ்சாலி என்பவர் வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"டாக்டர் எப்படிப் பார்த்தாருங்க?"

"நல்லா பாத்தாரும்மா."

"வயித்தைத் தொட்டுப் பார்த்தாரா?"

"இன்னாத்துக்குத் தொடணும்? மேசைக்கு அந்தாண்ட இருந்தே பாத்தாரு. அவருக்குக் கண்ணு அவ்ளோ நல்லா தெரியுது!"

இருவரும் சிரித்தோம். ஆனால் அது இரண்டு மாத வலி. என் கேள்விப் படிவத்தில் இந்தச் சிகிச்சை "நன்று" என்றே பதிவாகும். அதனால் "தொட்டுப் பார்த்தாரா?" என்ற கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்தேன். அதைச் சொன்னதும் எங்கள் மேலாளர் குமரேசன் போனில், "படிவத்துல இல்லாதத ஏன் மேடம் கேக்குறீங்க? அடிச்சிட்டு கையெழுத்து போடுங்க" என்றார். முடியாது என்றேன். கவலைப்படாதீர்கள்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். இனி இரண்டு பக்கமாவது எழுதுங்கள். ஆறு மணிக்குமேல் இங்கே பேச ஆளில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
திலகவதி

மறுநாள்: தபாலைத் தவறவிட்டேன். இன்று காலை பாஞ்சாலியை மறுபடி வரவழைத்து, அவரோடு நானே உள்ளே போய், தொட்டுப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் என்னை முறைத்தார். பிறகு எழுந்து வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கட்டி இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பாஞ்சாலியைப் பஸ் ஏற்றிவிட்டு, அந்தக் கேள்வியை அடிக்காமலே படிவங்களை அனுப்பிவிட்டேன்.