சிவப்பு ஊசியும் அப்பாவின் கையும்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலிருந்து பிடுங்கி "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுகிறார்.

கழுத்திலிருந்த புற்றுக்கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, டாக்டருக்கே சந்தோஷம். அந்தச் சிவப்பு மருந்து மண்ணில் வாழும் ஏதோ நுண்ணுயிரிலிருந்து எடுத்ததாம், நர்ஸ் சொன்னாள். கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "ஆயுசு முழுக்க ஊர்த் துணியில மண் கறையோட மல்லுக்கட்டினேன், கடைசியில அந்த மண்ணுகிட்டயே கைநீட்ட வேண்டியதாப் போச்சே" என்றார். ஊசி போட்ட அன்று சிறுநீர் சிவப்பாய்ப் போனதைப் பார்த்து நர்ஸிடம் ஓடினேன், மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். முடியும் கொட்டிவிட்டது, இனி சீப்பைத் தேட வேண்டாம் என்கிறார். இதயத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தாம், அதனால் ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து, ஸ்கேன் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். போன தடவை ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து சதையில் இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் சதையையே அரித்துவிடுமாம், அதற்குத்தான் "லேசா எரிஞ்சாலும் உடனே சொல்லுங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், இஸ்திரிப் பெட்டி சுடாத நாளா, இதெல்லாம் ஒரு எரிச்சலா என்று நினைத்தாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது வலது புறங்கை புண்ணாகி விரலை மடக்க முடியவில்லை, நம் லாண்டரிக் கடையைப் பூட்டி வைத்திருக்கிறோம். இனிக் கையில் வேண்டாம், நெஞ்சுத் தோலுக்கு அடியில் சின்னக் குழாய் வைத்து அதன் வழியே கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். இவரோ "கையே போனப்புறம் கட்டி போய் என்ன, எனக்கு ஊசியே வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளர்ந்துவிடுமாம் சின்னு. கெஞ்சியும் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன், மசியவில்லை.

நேற்றுக் கட்டு மாற்றும்போது "வலிக்குதுடி" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பாதிக் கட்டோடு அவரை விட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

புண் கொஞ்சம் ஆறட்டும் என்று அடுத்த ஊசியை மாதக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் அதற்குள் வந்துவிடு கண்ணு. நீ சொன்னால் கேட்பார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை, வந்ததும் அந்தக் கையைப் பார்த்து அழுதுவிடாதே, அவர் தாங்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா