நூறாவது வண்டி

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று பேருக்கு 'இல்லை' சொன்னேன். ஒருவர் ஜெனோவாவிலிருந்து பூங்கொத்தோடு வந்திருந்தார். பூவை வாங்கிக்கொண்டேன், கார் கிடையாது என்றேன். எங்கள் கம்பெனியின் வெராஸ்ஸி கார் பணம் இருக்கிறவனுக்கெல்லாம் கிடைக்காது. அதனால்தான் பணம் இருக்கிறவனெல்லாம் அதற்கு அலைகிறான். காசோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சம்பளம் வாங்குகிறவள் இந்த மொடெனாவில் நான் ஒருத்திதான்.

மார்ச் 5, புதன்

மிலானிலிருந்து வந்திருக்கும் புது டைரக்டர் ரஸ்தெல்லி கதவைச் சாத்தச் சொன்னார். தொண்ணூற்றொன்பது கார்களோடு நிறுத்திய அந்த மாடலை மறுபடி செய்யப் போகிறார்களாம். கேட்கிறவர்களுக்கெல்லாம். ஏப்ரலில் அறிவிப்பு. அதுவரை வாய் திறந்தால் வேலை போய்விடும்.

"நூறாவது கிடையாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் பண்ணாத குறையா சொன்னது நான்தான்," என்றேன்.

"கம்பெனி சொல்லச் சொல்லிச்சு, சொன்னீங்க. இப்ப சும்மா இருக்கச் சொல்லுது, சும்மா இருங்க, சின்யோரா மலகோலி."

என் மகன் வயசு இருக்கும் அவனுக்கு.

மார்ச் 6

தூக்கமே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இவானோ ஸனாஸி சாப்பிட அழைத்தார். சஸ்ஸுவோலோவில் தரை ஓடு சூளை வைத்திருப்பவர். ஒன்பது வருடம் என்னிடம் 'இல்லை' வாங்கி, கடைசியில் அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒரு கார் வாங்கியவர். தொர்தெல்லினி சூப் ஆறுகிற வரை ஊர்க்கதை பேசினார். பிறகு சொன்னார். எரிவாயு விலையில் சூளை படுத்துவிட்டது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கக் காரை விற்கிறார். பெர்கமோவில் லொக்காதெல்லி என்று ஒரு பல் டாக்டர் வாங்கத் தயார்.

"மறுபடி செய்ய மாட்டாங்கல்ல? செஞ்சா இந்த விலை நிக்காது. இல்லைன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க."

'இல்லை' வாயில் வரவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பூனைக் கீழே வைத்தார். "நான் கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லாதது இதுதான் முதல் தடவை."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே, "இந்த வாரமே முடிச்சிடறேன்," என்றார்.

நான் எதையும் சொல்லவில்லை. சொல்லவில்லைதானே?

மார்ச் 13, வியாழன்

அந்தப் பல் டாக்டர் போன் செய்தார். எங்கள் காரைக் கைமாற்றும்போது கம்பெனியைக் கேட்டுக்கொள்வது வழக்கம். கம்பெனி என்றால் நான்தான். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போச்சு?

தன்மையான மனுஷன். "வீட்டை அடமானம் வச்சிருக்கேன், சின்யோரா. என் பொண்டாட்டிக்கே இன்னும் சொல்லலை, சொன்னா என் பல்லைப் பிடுங்கிடுவா. சின்ன வயசு ஆசை. தொண்ணூத்தொம்பதுதானே? இனிமே வராதுல்ல?"

'இல்லை' என்று சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டால் இந்த ஆளும் புரிந்துகொண்டு தப்பிப்பார், ஸனாஸி முழுகுவார். சூளையும் போகும், என் வேலையும் போகும். ஸனாஸியை எனக்குத் தெரியும், இவர் யாரோ — இப்படித்தான் ஓடியது மனசு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"தொண்ணூத்தொம்பதுதான், டாக்டர். நூறாவது கிடையாது."

"நீங்க சொன்னா போதும்." நன்றி வேறு சொன்னார்.

மார்ச் 17

ஸனாஸி ஒரு பெட்டி லம்ப்ருஸ்கோ ஒயின் அனுப்பியிருக்கிறார். சமையலறை மூலையில் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அறிவித்துவிட்டார்கள். காலையிலிருந்து போன் ஓயவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் 'சரி' என்றேன். ஒருவர், "அவ்வளவுதானா? காத்திருக்க வேணாமா?" என்றார், ஏமாந்த மாதிரி. ரஸ்தெல்லி எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தான்.

நாலு மணிக்கு பெர்கமோ நம்பர். கத்துவார் என்று தயாராக எடுத்தேன். கத்தவில்லை.

"சின்யோரா மலகோலி இருக்காங்களா? போன மாசம் பேசினேன். அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது, பாவம். அவங்களையும் ஏமாத்திட்டாங்க. ஒரு வார்த்தை பேசணும்."

குரலை மாற்றிக்கொண்டேன். "அப்படி யாரும் இங்க இல்லைங்க, டாக்டர் லொக்காதெல்லி."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை.

"சரிங்க," என்று மெதுவாக வைத்துவிட்டார்.