கால் நூல் இடைவெளி

786

பேகம்பூர், திண்டுக்கல்
14-9-1958

கண்ணியமிக்க என் மச்சான் அப்துல் கையூம் அவர்களுக்கு, கமர்ஜஹான் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் உங்கள் அம்மாவும் நம் பிள்ளை அப்பாஸும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் இடது காலில் காயம் முழுக்க ஆறிவிட்டது, கட்டைக்கால் பொருத்தி வராந்தாவில் நடக்கிறீர்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் உங்கள் வார்டு நர்ஸ் அல்போன்சா அம்மா எழுதியிருந்தார்கள். நீங்களே எழுதியிருக்கலாம். பரவாயில்லை.

மாமிக்குக் கண்ணில் நீர் வடிவது நின்றுவிட்டது. அப்பாஸுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுப் போகிறது. தெருவில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறான். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

ஜூலை மாதம் நீங்கள் போட்ட கடிதத்தில் இரண்டே விஷயம் இருந்தது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் அத்தா அம்மா வீட்டுக்குப் போய்விடு. முதலாவதை மட்டும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டையுமே நான் செய்யவில்லை. என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

பாலத்தில் கவிழ்ந்த நாள் முதல் வண்டி நாகல்நகரில் மரியசெல்வம் பட்டறையில்தானே கிடந்தது. போன மாதம் போய், சக்கரத்தைக் கழற்றுங்கள் என்றேன். உங்களோடு பதினைந்து வருடம் பழகிய மனுஷர். "ராவுத்தர் வரட்டும்மா, பாத்துக்கலாம்" என்று நழுவினார். நான் அங்கிருந்து நகரவில்லை. இடது பக்க முன் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப் பேரிங் பொடிப்பொடியாகக் கொட்டியது. கிரீஸுக்கு நடுவில் ஆக்சிலைச் சுற்றி ஒரு தகரத் துண்டு இருந்தது. துணியால் துடைத்தேன். நீல வர்ணமும் பாதிப் பூவும் தெரிந்தன. பங்குனி மாதம் நான் வீடெல்லாம் தேடிய சீயக்காய் டப்பா மூடி.

மரியசெல்வம் ஸ்பேனர் தேடுவதுபோல முதுகைக் காட்டி நின்றார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். "பேரிங்கோட உள் ஓட்டை கால் நூல் பெருசும்மா. ஆடாம நிக்கட்டும்னு தகரம் சுத்திருக்காரு. அவசரத்துக்கு எல்லாரும் செய்றதுதான். வெறும் வண்டின்னா ஓடிரும். லோடு ஏத்தினா தாங்காது" என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் கால் பங்கு! நகத்தின் கனம்தான் இருக்கும்.

நீங்கள் ஏன் அந்த ஒரு கடிதத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று அப்போது புரிந்தது. கோபமும் வந்தது, மறைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது, சரியான பேரிங் வரப் பத்து நாள் ஆகும் என்று நீங்கள் சொன்னதும், பங்குனிக் கல்யாணங்களுக்கு வண்டி கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள் என்று உங்களை நச்சரித்தது நான் என்பதும். அந்தத் தகரத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இந்தத் தடவை நானே பார்த்துச் சரியானதைப் போடுவது என்று முடிவு செய்தேன்.

மரியசெல்வம் அளவுகோலை வைத்து உள்வட்டம், வெளிவட்டம், அகலம் என்று மும்மூன்று தடவை அளந்து சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். "வண்டி பேரச் சொல்லி மட்டும் கேட்காதீங்கம்மா. இஞ்சின் செவர்லே, முன் ஆக்சில் பட்டாள ஏலத்துல எடுத்தது, பாடி அவரே அடிச்ச மரம். பேரச் சொன்னா தப்பாத்தான் குடுப்பாங்க. அளவச் சொல்லுங்க" என்றார். ஒரு பேரிங் போதும், மற்றது தாங்கும் என்றும் சொன்னார். இரண்டு முன் சக்கரத்துக்கும், உள்ளே வெளியே, நான்கும் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். முதல் கடைக்காரர் பழைய பட்டாளச் சாமான் ஒன்றை எடுத்து வைத்து, "திண்டுக்கல் ராவுத்தர் ஒருத்தர் இதத்தான் வாங்கிட்டுப் போனாரு. லேசா தகரம் குடுத்தா கச்சிதமா நிக்கும்" என்றார். மாமி பக்கத்தில்தான் நின்றார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த கடையில் என்ன வண்டி என்று கேட்டார்கள். அளவுச் சீட்டை நீட்டினேன். அதே அளவில் குண்டு பேரிங் ஒன்று, எண்ணெய்த்தாள் பிரிக்காத புதுசு, கொண்டுவந்தார்கள். கையில் வாங்கிச் சுற்றினால் பட்டுப்போல ஓடியது. எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் மூட்டை ஏற்றி வளைவில் திரும்பினால் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும், அதைக் குண்டு தாங்காது, சாய்ந்த ரோலர்தான் வேண்டும் என்று மரியசெல்வம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தடியான புத்தகம் ஒன்றைப் புரட்டினார். மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், ஒன்பது நாளாகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

திரும்பி வரும்போது கொடைரோடு தாண்டியதும் மாமி என் பக்கம் திரும்பினார்கள். பிறகு, "எம் மகனோட அத்தாவும் இப்படித்தாம்மா, மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லமாட்டாக. நீ விட்றாதே" என்றார்கள்.

அந்த ஒன்பது நாளில் மரியசெல்வம் ஆக்சிலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் எண்ணெய்க்கோடு தெரியுமாம். ஒன்றுமில்லை. அதற்குள் நான் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருந்தது.

கன்னிவாடிக்குப் போய்ப் பெருமாள்சாமியைப் பார்த்தேன். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்து கை முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோணல். தகரத்தை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். எழுந்து மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. அவர் சம்சாரம் கருப்பம்மாள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து, "ஏத்தா, இத நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். தெரிந்திருக்காது என்றேன். "பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம் வந்து சொல்றே?" என்றார். "மறுபடியும் அந்த வண்டியில் ஏறச் சொல்லி உங்களைக் கேட்கப் போகிறேன். தெரியாமல் ஏறக்கூடாது" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராவுத்தர ரெண்டு வார்த்தை வையணும் தாயி. அதுக்காக வேலூருக்கு எவன் போவான்? அவரு இங்கே வரட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் கருப்பம்மாள் மோர் கொண்டுவந்தார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பேரிங் மாட்டிய அன்று பட்டறைக்கே வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். ஆக்சிலில் தகரம் ஏதும் இல்லை என்று விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். மரியசெல்வம் நட்டை முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அது கழலாமலிருக்கப் பின்னைச் செருகினார். முதல் லோடு ஏழு மூட்டை கத்தரிக்காய், பெருமாள்சாமி வயலிலிருந்து. மரியசெல்வம் ஓட்ட, பெருமாள்சாமி முன்னால் உட்கார, நானும் மாமியும் பின்னால் இருந்தோம். நீங்கள் விழுந்த பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். பேரிங் சரியில்லையென்றால் கொதிக்குமாம்; இளஞ்சூடுதான். எனக்குப் பின்னால் அவரும் தன் கோணல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மச்சான், ஆஸ்பத்திரியில் உங்களை அனுப்பச் சம்மதித்து இரண்டு வாரம் ஆகிறதாம். ஊரில் யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்களாம். அல்போன்சா அம்மா நம்பாமல் எனக்கு எழுதினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நானும் மாமியும் அங்கே இருப்போம். துணிமணிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படி வண்டி ஓட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள். மரியசெல்வத்திடம் கேட்டுவிட்டேன். இடது காலால் மிதிக்கும் கிளட்சுக்கு ஒரு கைப்பிடி வைத்துவிடலாம், கம்பி தயாராக இருக்கிறது என்கிறார். எவ்வளவு நீளத்தில் வெட்டுவது என்பதுதான் தெரியவில்லை. தன் கையை வைத்து உத்தேசமாக வெட்டட்டுமா என்றார். நான் விடவில்லை. நீங்கள் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினால்தான் அளவு தெரியும். அதுவரை கம்பியை வெட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு மனதில் தெம்பைத் தருவானாக. எங்களோடு வர மறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கமர்ஜஹான்