கட்டிலிலிருந்து பெரட்டுக்கு

ஏ புள்ள,

இன்று அலமாரியின் அடித்தட்டைத் துடைத்தபோது பழைய கட்டுத்துணிகள் கையில் சிக்கின. நான்கு விரல் அகலம், இன்னமும் கார்பாலிக் சவுக்கார வாடை. பார்த்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதில் முடிச்சுப் போட்டவள் நான்தானே.

ஹட்டனுக்கு மேலே இந்த முதியோர் இல்லம் திறந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயக் குடியிருப்புக்காரிகளான நீயும் நானும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆயா வேலைக்கு வந்தோம். படுக்கை விரிக்கவும் சோறூட்டவும் மேட்ரன் அம்மா பத்து நாள் பழக்கினார். விடியற்காலையில் எல்லோரையும் எழுப்ப மணி அடிக்கச் சொன்னார். அதில்தான் வினை வந்தது. ஆயுசெல்லாம் தோட்டத்தில் உழைத்த கிழடுகள் மணி கேட்டதும் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, புறப்பட்டுவிட்டார்கள். கருப்பையா தாத்தா படி தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

மேட்ரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இன்னொருத்தர் விழுந்தா கமிட்டி உங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிரும். ஒங்களுக்குப் பதிலா கண்டியிலருந்து படிச்சவங்க வருவாங்க. காலையில கட்டிலோட கட்டி வைங்க.”

நான் கட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம். தாத்தா துணியை இழுத்துக்கொண்டு, “ஐயா, லேட்டாயிருச்சுங்க, வெரட்டிறாதீங்க,” என்று அழுதார்.

நீ வந்தாய், அவிழ்த்தாய். “பெரட்டுக்குத்தானே போறாங்க? அப்ப பெரட்ட இங்கயே வச்சிருவோம்.” உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மணிக்கு முன்பே வராந்தாவில் விளக்கேற்றி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாய். நாங்கள் ஒவ்வொருவராகக் கைபிடித்து அழைத்து வந்தோம்.

“கருப்பையா!”

“இருக்கேங்க!”

“ஒங்களுக்கு இன்னைக்கு உள்வேலை. அரிசியில கல்லு பொறுக்கணும்.”

“சரிங்க” என்று நிமிர்ந்து சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த முகத்துப் பெருமையை என்னவென்று சொல்ல!

பேர் கூப்பிடும்போதே நீ பாதத்தைப் பார்ப்பாய், வீக்கமா என்று. குரலைக் கேட்பாய், சளியா என்று. ஒருநாள் மாரியாயி பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்ததும் நெற்றியைத் தொட்டு, மேட்ரனுக்கு முன்பே காய்ச்சலைக் கண்டுபிடித்துவிட்டாய். அதற்குப் பிறகு மேட்ரனும் காலையில் வந்து உன் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்.

கமிட்டி வந்த அன்றும் நீ வழக்கம்போலப் பேர் கூப்பிட்டாய். கூட வந்த டாக்டர் ஐயா பெரட்டை முழுதும் நின்று பார்த்தார். பிறகு ஒவ்வொருவரையும் திருப்பி முதுகைப் பார்த்தார். ஒருவருக்கும் படுக்கைப்புண் இல்லை.

“இந்த ஆயாக்களுக்கு யாரு டிரெயினிங் குடுத்தது?”

மேட்ரன் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். “தோட்டந்தாங்க!”

டாக்டர் சிரித்துவிட்டார். மேட்ரன் நல்ல மனுஷி. “கட்டச் சொன்னது நான்தான் டாக்டர். அவுத்துவிட்டது இவ,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கண்டியிலிருந்து ஆட்கள் வரத்தான் செய்தார்கள், நம்மிடம் பழகிக்கொள்ள! அன்று சமையலறையில் நாம் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போது பெரட்டுக் கூப்பிடுவது நான். உன் கணீர்க்குரல் எனக்கு ஏது? கீச்சென்று வருகிறது, கிழவிகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஒரு நாள்கூட விட்டதில்லை.

இன்று காலை, புதிதாகப் பழக வந்த பெண் ஒருத்தி, வாத நோயில் பேச்சுப் போய்க் கிடக்கும் ஒரு பெரியவரைத் தூக்கப் போனாள். நிறுத்தினேன்.

“மொதல்ல பேரச் சொல்லிக் கூப்புடு. பதில் வர்ற வரைக்கும் கை வைக்காத.”

“இவருக்குப் பேச வராதுங்களே, அக்கா?”

“கூப்புடு.”

கூப்பிட்டாள். இருவரும் காத்து நின்றோம். போர்வைக்குள்ளிருந்து வலது கை மெல்ல மேலே எழும்பியது.